யந்திர விபத்தும் தொழிலாளியின் உரிமையும்

கிராமங்களில் யந்திரம் புகாத தொழில் இப்போது சொற்பமே. உரலும் உலக்கையும் இருந்த இடத்தில் நெல் அரைவை மில் ஓடுகிறது. மாடு சுற்றிய செக்கு மின்சார மோட்டாரினால் சுழல்கிறது. மாடு கட்டிப் போரடித்த களத்துக்குக் கதிரடிக்கும் யந்திரம் வந்துவிட்டது. கரும்பு பிழியும் ஆலை, தீவனத் தட்டை வெட்டும் கருவி, விசைத்தறி, தேங்காய் நார் உரிக்கும் யந்திரம் ஆகியவை சிற்றூர்களிலும் காணப்படுகின்றன. இவற்றால் உழைப்புக் குறைந்து, வேலை விரைவாகியிருக்கிறது. இவை வேண்டாமென்று எவரும் சொல்லார்.

ஆயினும், கரும்பையும் கரும்பைப் பிடித்த கையையும் யந்திரம் வேற்றுமையின்றி இழுத்துக்கொள்ளும். அவ்வாறு கையையோ விரலையோ இழந்த ஒருவரின் கதையை விசாரித்தால், பெரும்பாலும் இரண்டு நஷ்டங்கள் வெளிப்படும். அவருடைய அவயவம் ஒரு நொடியில் போயிருக்கும். அதற்குச் சட்டம் அளித்த உரிமையோ, பின்வந்த சில நாட்களில், அறியாமையாலும் தாட்சண்யத்தாலும் போயிருக்கும். முதல் நஷ்டத்தை ஈடு செய்வது கடினம். இரண்டாவது நஷ்டம் நேராமல் தடுப்பது எளிது. அதற்கான வழிகளை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

காயம் நேரும் விதம்

விபத்து விதியின் செயல் என்று கூறுவது கிராம வழக்கம். ஆனால் விபத்துக்களின் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஐந்துக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, சுழலும் இரு உருளைகளுக்கு இடையிலும், பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையிலும் உள்ள வாய் திறந்து கிடப்பது. கரும்பின் கடைசித் துண்டைக் கையால் தள்ளும் போதுதான் ஆலையில் விரல்கள் சிக்குகின்றன. இரண்டாவது, தோளில் கிடக்கும் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் தண்டில் சுற்றிக்கொள்வது. மூன்றாவது, யந்திரம் ஓடும்போதே துடைப்பதும் எண்ணெய் விடுவதும் அடைப்பு எடுப்பதும். நான்காவது, பழுது பார்ப்பதற்காகக் கழற்றிய காப்பு மூடியைத் திரும்ப மாட்டாமல் விடுவது. ஐந்தாவது, அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஒரே ஆளை வேலை வாங்குவது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு எட்டாத இடத்தில் சுவிட்சை வைப்பதும் இதனுடன் சேரும்.

பரிகாரம் எவ்வளவு எளியது என்பதற்குக் கதிரடிக்கும் யந்திரமே சான்று. வட இந்தியாவின் கோதுமைப் பிரதேசங்களில் 1960-களுக்குப் பின் இந்த யந்திரம் வேகமாகப் பரவியது. கதிர்க்கட்டை உருளையின் வாயில் தள்ளுகையில் கையும் உடன் சென்று பலர் அங்கஹீனர் ஆயினர். இதன் விளைவாக 1983-ல் இந்தியப் பாராளுமன்றம் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கதிரைத் தள்ளும் தகரத் தொட்டி 900 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளமும், அதில் உருளையை அடுத்த 450 மில்லிமீட்டர் மேல்மூடியும் உடையதாக இருக்க வேண்டுமென்பது இந்தியத் தரநிர்ணயம். அதாவது ஏறத்தாழ ஒரு கஜ நீளம், அதில் அரைக் கஜம் மூடி. மனிதன் கை அவ்வளவு நீளமுடையதன்று. ஆதலால் தொட்டிக்கு வெளியே நிற்பவனின் விரல் உருளையைத் தொட வழியில்லை. ஒரு துண்டுத் தகரத்தின் செலவில் ஒரு மனிதனின் கை காப்பாற்றப்படுகிறது.

விபத்து நேர்ந்தவுடன் செய்யத்தக்கவை

முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அகப்பட்ட கையை இழுக்கலாகாது. யந்திரம் நின்ற பின் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றியோ, கழற்றியோ எடுக்க வேண்டும். இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். காப்பிப் பொடி, மஞ்சள், சாணம், சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கம் பெருந்தீங்கு விளைவிப்பது. அதை அறவே விட வேண்டும்.

விரல் துண்டாகியிருந்தால் அதை எறிந்துவிடலாகாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீருள்ள மற்றொரு பாத்திரத்தில் வைத்துக் காயம்பட்டவருடனேயே அனுப்ப வேண்டும். துண்டான பாகம் பனிக்கட்டியை நேரே தொட்டால் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் தக்க ஆஸ்பத்திரியை அடைந்தால், பல சந்தர்ப்பங்களில் விரலை மீண்டும் பொருத்த இயலும். சென்னை ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவைத் துறை இவ்வகைச் சிகிச்சையில் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

ஆஸ்பத்திரியில் எழுதப்படுவது

தொழிலாளியின் உரிமை முதன்முதலில் தவறிப்போகும் இடம் ஆஸ்பத்திரியே. இதை விளக்க, பல ஊர்களில் நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த ஓர் உதாரணம் கீழே தரப்படுகிறது.

நெல் மில் ஒன்றில் 30 வயதுள்ள ஒரு தொழிலாளி மாதம் 10,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறான். சம்பளப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. ஒரு நாள் மாலை பெல்ட்டில் கை சிக்கி, வலக்கையின் நான்கு விரல்கள் போய்விடுகின்றன. மில் முதலாளி கெட்டவர் அல்லர். தம் சொந்தக் காரிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறார். மருந்துச் செலவையும் கொடுக்கிறார். காயம் எப்படி நேர்ந்தது என்று டாக்டர் கேட்கும்போது, உடன் வந்த கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டு, "வீட்டிலே மாவு அரைக்கும்போது கிரைண்டரில் அகப்பட்டது" என்று சொல்லிவிடுகிறார். மனைவி வாய் திறக்கப் போகையில் மாமியார், "நீ சும்மா இரு, அம்மா. முதலாளி நம்மைக் கைவிட மாட்டார்" என்று தடுத்துவிடுகிறாள். விபத்துப் பதிவேட்டில் கிரைண்டர் என்றே ஏறிவிடுகிறது.

இந்த ஒரு வரியைப் பின்னால் மாற்றுவது மிகவும் சிரமம். வழக்கு விசாரணைக்கு வரும்போது முதலில் பார்க்கப்படும் தஸ்தாவேஜு அதுவே. ஆதலால் காயம்பட்டவருக்குப் பேசும் நிலை இருந்தால் அவரே பேச வேண்டும். இல்லையேல் குடும்பத்தார் பேச வேண்டும். எந்த இடத்தில், எந்த யந்திரத்தில், எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்ற நான்கு விவரங்களையும் உள்ளபடி சொன்னால் போதும். உண்மையைச் சொல்வது முதலாளிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. பின்னர் அப்பதிவேட்டின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் வந்த வழி

முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபித்தாலன்றி ஒரு காசும் கிடைக்காது என்பதே முன்னாளைய நிலை. யந்திரத் தொழில் பெருகியபின் இது நியாயமன்று என்பது உணரப்பட்டது. ஜெர்மனி 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தையும், இங்கிலாந்து 1897-ல் நஷ்டஈட்டுச் சட்டத்தையும் இயற்றின. இந்தியாவில் 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. 2010-ல் அது ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. பெயர்கள் மாறினும் மூலக் கொள்கை மாறவில்லை.

அக்கொள்கை யாதெனில், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு, குற்றம் யாருடையது என்று பாராமல், வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்பது. "உன் அஜாக்கிரதையால் வந்த வினை" என்னும் பேச்சு இங்கே செல்லாது. குடிமயக்கத்தில் இருந்தது, வெளிப்படையாக இட்ட பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்பு மூடியை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய சிலவே விலக்குகள். மரணமோ நிரந்தரமான முழு ஊனமோ நேர்ந்தால் இவ்விலக்குகளும் பயன்படா.

சிறு மில்லுக்கு இச்சட்டம் இல்லை என்பது கிராமங்களில் பரவியுள்ள தவறான எண்ணம். 1949 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், விசையால் ஓடும் இடமாயின் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலையாகக் கொண்டது. நஷ்டஈட்டுப் பொறுப்புக்கோ இவ்வெண்ணிக்கை அவசியமில்லை. விசையால் யந்திரம் ஓட்டிப் பண்டம் செய்யும் சிறு ஸ்தாபனத்தின் தொழிலாளிக்கும் அது உண்டு. டிராக்டராலும் விசை யந்திரங்களாலும் நடக்கும் விவசாய வேலையில் ஈடுபட்டவர்களையும் சட்டத்தின் அட்டவணை சேர்த்திருக்கிறது. தற்காலிகக் கூலியாள் என்று கூறித் தள்ளுவதற்கு இருந்த இடத்தை 2000-ம் வருஷத்துத் திருத்தம் நீக்கிவிட்டது.

தொழிலாளி இ.எஸ்.ஐ. என வழங்கும் ஊழியர் அரசாங்க இன்ஷூரன்ஸில் சேர்ந்தவராயின், முதலாளியிடமிருந்து பெறும் நஷ்டஈட்டுக்குப் பதிலாக அதிலிருந்தே உதவி பெறுவார். 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இத்திட்டத்தில், சிகிச்சையோடு, வேலைக்குப் போக இயலாத நாட்களுக்குச் சம்பளத்தில் 100-க்கு 90 வீதம் கொடுக்கப்படுகிறது. நிரந்தர ஊனத்துக்கு, இழந்த சக்தியின் அளவுக்கேற்ப, ஆயுள் முழுவதும் மாதந்தோறும் தொகை உண்டு.

நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறை

கணக்கு மூன்று எண்களால் ஆனது: மாதச் சம்பளம், வயதுக்குரிய காரணி, உழைக்கும் சக்தியில் இழந்த பங்கு. நிரந்தரமான முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 100-க்கு 60 பங்கை எடுத்து, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். மரணமாயின் 100-க்கு 50 பங்கு. கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு; 2020 ஜனவரி 3-ல் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காரணி 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09.

ஒரு பகுதி ஊனத்துக்கு, இழந்த பங்கை அட்டவணை கூறுகிறது. மணிக்கட்டு வரையில் ஒரு கை போனால் 100-க்கு 60. நான்கு விரல்கள் போனால் 50. கட்டை விரலுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுவதற்கும் 14. நடு விரலுக்கு 12. மோதிர விரல் அல்லது சுண்டு விரலுக்கு 7. இரு கைகளும் போனால் அது முழு ஊனம்.

மேற்கூறிய மில் தொழிலாளியின் கணக்கு வருமாறு. 10,000 ரூபாயில் 100-க்கு 60 பங்கு 6,000 ரூபாய். அதை 207.98-ஆல் பெருக்கினால் 12,47,880 ரூபாய். நான்கு விரல்களுக்கு அதில் பாதி, அதாவது 6,23,940 ரூபாய். அத்தொழிலாளியும் அவன் மனைவியும் இத்தொகையைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அட்டவணையின் எண்ணே எப்போதும் முடிவானதன்று. ஒரு கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவருக்கு, அட்டவணைப்படி ஒரு பகுதி ஊனமே உண்டு என்று வாதிக்கப்பட்டது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய இயலாது. ஆதலால் அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1975-ல் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்த அன்றே நஷ்டஈடு கொடுபடத் தக்கதாகிறது என்பதும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. எனவே, விபத்துக்குமுன் செய்த வேலையை இனிச் செய்ய இயலுமா என்பதை டாக்டரின் சான்றிதழில் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும்.

காயம் ஆறிவரும் காலத்துக்கும் உதவி உண்டு. தற்காலிக ஊனத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 100-க்கு 25 வீதம், அதிகமாக 5 வருஷங்கள் வரையில் பெறலாம். நஷ்டஈடு ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிடில் 1923-ம் வருஷத்துச் சட்டம் 100-க்கு 12 வட்டி விதித்தது. தக்க காரணமின்றித் தாமதித்தவருக்குத் தொகையில் பாதி வரையில் அபராதமும் விதிக்க இடம் கொடுத்தது.

ராஜிப் பத்திரம்

உரிமை தவறிப்போகும் இரண்டாவது இடம் ராஜிப் பேச்சு. மேற்படி தொழிலாளி வீடு திரும்பிய பதினைந்தாம் நாள், ஊர்ப் பெரியவர்கள் இருவருடன் கணக்குப்பிள்ளை வருகிறார். 20,000 ரூபாயைத் தாம்பாளத்தில் வைத்து, முத்திரைத்தாள் ஒன்றையும் நீட்டுகிறார். இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டில் அரிசி இல்லை. சிகிச்சைக்கு வாங்கிய கைமாற்றுக் கடன் நிற்கிறது. வலக்கையில் விரல் இல்லாதவன் இடக்கைப் பெருவிரலால் ரேகை வைக்கிறான். அடுத்த மாதம் மில்லில் அவனிடத்தில் வேறோர் ஆள் வேலை செய்கிறான்.

அப்பத்திரம் அவன் உரிமையை அழித்துவிட்டதா? இல்லை. நஷ்டஈட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. மரணத்துக்கான தொகையையும், பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் தொகையையும் நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் கட்டும்படி 1923-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. நேரில் கொடுத்தது நஷ்டஈடு கொடுத்ததாக ஆகாது என்றும் கூறியது. விதவையின் கையிலிருந்து பணம் மற்றவர்களிடம் போய்விடாதபடி செய்த ஏற்பாடு இது. முதலாளி சிகிச்சைக்காகச் செலவிட்ட பணத்தை நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளவும் இயலாது. எனவே, ஏமாந்து ரேகை வைத்தவரும் மனம் தளராமல் மனுச் செய்யலாம்.

மனுவைத் தாமதிக்கலாகாது. 1923-ம் வருஷத்துச் சட்டம் விபத்து நேர்ந்த இரண்டு வருஷங்களுக்குள் மனுச் செய்யக் கெடு வைத்து, தக்க காரணம் இருப்பின் தாமதத்தை மன்னிக்கவும் இடம் வைத்தது. விபத்தை எழுத்து மூலம் முதலாளிக்கு அறிவித்து, பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல், டாக்டரின் சான்றிதழ், வயதுக்குச் சான்று, சம்பளத்துக்குச் சான்று, உடன் வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றோடு ஜில்லாத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகினால், எந்தச் சட்டத்தின்கீழ் எவரிடம் மனுச் செய்வது என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம்.

பணம் வந்த பின்

நஷ்டஈட்டுத் தொகை வந்த செய்தி பரவியதும் கடன்காரர்கள் வாசலில் கூடுவர். எந்தக் கடனுக்காகவும் அத்தொகையை ஜப்தி செய்ய இயலாது. அதை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக்கொடுப்பதும் செல்லாது. கூட்டுறவுச் சங்கமும் இவ்விதிக்கு விலக்கன்று. அங்கத்தினரின் தவணை பாக்கி நிற்கிறதென்று அவருடைய கைவிரலின் விலையில் சங்கம் கண் வைத்தல் தகாது. கடனுக்குத் தவணையை நீட்டித்துக் கொடுப்பதே சங்கத்துக்கு முறை.

ஒருமுறை வந்து ஆயுள் முழுவதும் உதவ வேண்டிய பணம் இது. கலியாணச் செலவிலும் வீட்டு மராமத்திலும் அது கரைந்தால் மீண்டும் வராது. பெரும்பகுதியைக் கூட்டுறவு மத்திய பாங்கிலோ தபாலாபீஸிலோ நெடுங்கால டெபாசிட்டாகப் போட்டு, வட்டியை மாதந்தோறும் பெறுவது நன்று. ஒரு பகுதியைக் கொண்டு ஒரு கையால் நடத்தக்கூடிய தொழிலை, அதாவது கறவை மாடு வளர்ப்பையோ சிறு கடையையோ தொடங்கலாம். ஊனமுற்றவன் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பது பணக் கஷ்டத்தினும் கொடிது. அவனுக்கு ஏற்ற வேலையை அளிப்பது ஊராரின் கடமை.

சங்கங்களும் பஞ்சாயத்துகளும் செய்யத்தக்கவை

நெல் மில்லோ எண்ணெய் மில்லோ நடத்தும் கூட்டுறவுச் சங்கம் தானும் ஒரு முதலாளியே என்பதைப் பஞ்சாயத்தார் மறக்கலாகாது. முதலில் தம் யந்திரங்களுக்குக் காப்பு மூடி இருக்கிறதா, சுவிட்ச் எட்டும் இடத்தில் இருக்கிறதா, சம்பளப் பட்டியலில் எல்லோர் பெயரும் இருக்கிறதா, நஷ்டஈட்டுப் பொறுப்புக்கு இன்ஷூரன்ஸ் செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் முதலாளிக்கும் நன்மையே. சிறு மில்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைத் திடீரெனத் தேடுவது எளிதன்று. அந்த அச்சமே பல இடங்களில் கணக்குப்பிள்ளையைப் பொய் சொல்லத் தூண்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை சிறு பிரீமியம் கட்டியிருந்தால், ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல அவருக்கும் தயக்கம் இராது.

காயம்பட்டவரின் குடும்பத்துக்கு முதல் மாதச் செலவுக்காகச் சங்கம் ஒரு சிறு அவசரக் கடன் அளித்தல் மிகவும் பயன்தரும். வீட்டில் அரிசி இருந்தால், தாம்பாளத்தில் வந்த 20,000 ரூபாய்க்கு ரேகை வைக்க வேண்டிய நெருக்கடி வாராது. கடிதம் எழுதிக் கொடுக்கவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் சங்கக் காரியதரிசி முன்வர வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஓடும் யந்திரத்தைத் துடைக்கவோ அடைப்பு எடுக்கவோ கூடாது. கழற்றிய காப்பு மூடியை மாட்டிய பின்னரே ஓட்ட வேண்டும்.

2. துண்டான விரலைச் சுத்தத் துணியிலும் பையிலும் சுற்றி, குளிர்ச்சியில் வைத்து உடன் கொண்டு செல்க.

3. காயம் நேர்ந்த விதத்தை ஆஸ்பத்திரியில் உள்ளபடி சொல்லி, பதிவேட்டின் நகலைப் பெறுக.

4. முதலாளிக்கு எழுத்து மூலம் அறிவித்து, ரசீதை வைத்துக்கொள்க.

5. உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். இட்டிருப்பினும் அது செல்லாது என்பதை அறிக.

6. காலம் கடத்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுச் செய்க.

இப்பாடத்தைப் படித்தவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள மில், ஆலை, களம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு இதை ஒருமுறை வாசித்துக் காட்டுவாராயின், அடுத்த விபத்தின்போது டாக்டரின் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல ஒருவரேனும் அருகில் இருப்பார்.